அல்புமின் போகும் வழி

கால் வீங்கிய பிள்ளையின் குருதி ஆய்வுகூடத்துக்கு வந்தால், துண்டில் முதல் வரியாக எழுதியிருப்பது பெரும்பாலும் அல்புமின்தான். சீரத்தில் ஒரு துளியளவை எடுத்து புரோமோகிரிசோல் கிரீன் என்ற சாயத்தோடு சேர்த்தால், மஞ்சளாக இருந்த திரவம் பச்சைக்கு மாறி நீலச்சாயல் கொள்ளும். அல்புமின் எவ்வளவோ அவ்வளவுக்கு நிறம் ஏறும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் அந்த நிறத்தைக் கலரிமீற்றரில் வைத்து, முள் நிற்கும் இடத்தைப் பார்த்து, வரைபுத்தாளில் கோடிழுத்துக் கணக்கெடுத்தோம். இப்போது இயந்திரம் தானே உறிஞ்சி, தானே கலக்கி, தானே அச்சடித்துத் தருகிறது. சுகமாக உள்ளவரின் ஒரு டெசிலீற்றர் சீரத்தில் 3.5 முதல் 5 கிராம் வரை அல்புமின் இருக்கும். 2.5க்குக் கீழே இறங்கினால் குருதிக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் இழுவை தளர்ந்து, நீர் சதைக்குள் கசியத் தொடங்கும். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். காலையில் கண்ணிமை ஊதும். 1.6 என்றால் குழாயில் நிறம் அரைகுறையாகவே ஏறும். முள்ளைப் பார்க்கத் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும்.

மட்டக்களப்பு மாவட்டத்து அரச வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்) ஆக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வீடு செட்டிபாளையம். கல்முனைக்குப் போகிற பிரதான வீதியில் குருக்கள்மடம் தாண்டினால் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் மணல், தென்னை, வீடுகள். ஓய்வு பெற்றாலும் ரிப்போட் துண்டுகள் ஓய்வதில்லை. கிளினிக்கில் டொக்டருக்கு ஓராளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். அவர் எழுதியதை எடுத்துக்கொண்டு பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். "சேர், இதில என்ன போட்டிரிக்கு?" இலக்கத்தின் பொருளைச் சொல்வேன். நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது என் வேலை அல்ல, அந்தக் கோட்டை நான் தாண்டுவதும் இல்லை. ஆனால் இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதைக் கேட்கத் தெரிவதுதான் எங்கள் தொழில் என்று நினைக்கிறேன்.

அல்புமின் குறைந்தால் வழக்கமாக இரண்டு விளக்கங்கள் வரும். ஈரல் செய்யவில்லை, அல்லது சிறுநீரகம் ஒழுக விடுகிறது. பிள்ளைகளில் இரண்டாவதுதான் அதிகம். நெஃப்ரொற்றிக் என்று தாய்மாருக்கே அந்தப் பெயர் பழகிவிட்டது. சிறுநீரைக் குழாயில் எடுத்து மேற்பாதியைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு வேகிறமாதிரி வெள்ளையாகத் திரளும். எத்தனையோ தாய்மார் வீட்டிலேயே இதைச் செய்து, கொப்பியில் ஒவ்வொரு நாளும் பிளஸ் அடையாளம் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வருவார்கள். சில கொப்பிகள் எங்கள் ஆய்வுகூடப் பதிவேட்டைவிடச் சுத்தமாக இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு விளக்கம் தயாராக நிற்கும். சாப்பாடு காணாது. யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட மாவட்டம். வறுமை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 1930களில் ஆபிரிக்காவின் பொற்கரையில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் குவாஷியோர்கரைப் பற்றி எழுதிய நாளிலிருந்து, வீங்கிய வயிறும் வீங்கிய காலும் உள்ள பிள்ளையைக் கண்டால் உலகமெங்கும் முதலில் நினைவுக்கு வருவது புரதப் பற்றாக்குறைதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத இடத்தில், தாய் குற்றவாளியாகிறாள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு பையன். வயது நாலு. 2014இல் மண்முனைப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம். அம்பிளாந்துறையில் பாதை என்கிற மிதவையேறி வாவியைக் கடந்து குருக்கள்மடத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வந்தார்கள். எங்கள் ஊரில் அவர்களுக்கு உறவு இருந்தது, அந்த உறவுக்காரர்தான் என்னிடம் கூட்டிவந்தார். தாயின் கையில் பொலித்தீன் உறைக்குள் ரிப்போட் துண்டுகள், திகதிவாரியாக அடுக்கி. தகப்பன் வயலும் மாடும் உள்ள மனிதர், அதிகம் பேசவில்லை. அம்மம்மாதான் பேசினார்.

"தம்பி, இவள் புள்ளைக்குத் தின்னக் குடுக்கிறாள் இல்லயெண்டு எல்லாரும் சொல்றாங்க. நான் பக்கத்தில இரிந்து பாக்கிறன். முட்டை குடுக்கிறாள், எருமத் தயிர் குடுக்கிறாள், கட்டிப் பால் விட்டுச் சொதி வெச்சிக் குடுக்கிறாள். புள்ளை திங்கிறான். மறுகா வயித்தாலயும் போகுது, காலும் ஊதுது."

அந்தப் பேச்சில் நோயின் முழு வரலாறும் இருந்தது. அன்றைக்கு அது அவருக்கும் தெரியாது, மருமகனுக்கும் தெரியாது. குடும்பநல உத்தியோகத்தர் நிறைக்கோட்டைப் பார்த்து திரிபோஷ சத்துமா எழுதிக் கொடுத்திருந்தார். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. பார்வை பார்த்து நூலும் கட்டியாயிற்று. யாரோ யானைக்கால் என்று பயமுறுத்தியும் இருந்தார்கள். இலங்கையில் யானைக்கால் நோய் இருந்த பிரதேசம் மேல், தென், வடமேல் மாகாணங்கள்தான். கிழக்கு அந்த வலயத்தில் இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்ததாக உறுதிப்படுத்தியும் விட்டது. ஆனால் கால் வீங்கினால் எங்கள் சனத்துக்கு அந்த ஒரு பெயர்தான் முதலில் வாயில் வரும். நிணநீர் என்ற விஷயத்தோடு சம்பந்தம் இருந்தது என்ற அளவில் பார்த்தால் அந்த அனுமானம் முழுப் பிழையும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

துண்டுகளைத் தரையில் பரப்பினேன். மொத்தப் புரதம் 3.3. அல்புமின் 1.6. கழித்தால் குளோபியுலின் 1.7.

இந்தக் கழித்தல்தான் முக்கியம். ரிப்போட்டில் குளோபியுலின் என்று ஒரு வரி இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. ஈரல் கெட்டுப்போனவர்களில் அல்புமின் விழ, குளோபியுலின் ஏறும். நாட்பட்ட கிருமித் தொற்றிலும் அப்படியே. நெஃப்ரொற்றிக்கில் சிறுநீரக வடிகட்டி சின்னப் புரதங்களை விட்டுவிட்டுப் பெரியவற்றைப் பிடித்து வைக்கும். ஆகையால் சில குளோபியுலின்கள் நிற்கும், சில கூடவும் செய்யும். இந்தப் பையனில் சின்னது பெரியது என்ற பேதமில்லாமல் எல்லாமே பாதியாக இறங்கியிருந்தன. குருதித் திரவம் அப்படியே, வடிகட்டப்படாமல், எங்கோ கொட்டுண்டு போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரிய தீக்காயம் இருந்தால் தோல் வழியாகப் போகலாம். தோலில் ஒன்றுமில்லை. சிறுநீரைச் சூடாக்கினால் தெளிவாகவே நின்றது. மிஞ்சுவது குடல்.

அடுத்தது கொலஸ்ரரோல். நெஃப்ரொற்றிக்கில் அது 300, 400 என்று ஏறி நிற்கும். சீரமே மங்கலாக இருக்கும். இவனுக்கு 110. நெஃப்ரொற்றிக்கையும் குடல் வழி இழப்பையும் பிரிக்க இவ்வளவு மலிவான பரிசோதனை வேறில்லை. கல்சியம் 6.4. அல்புமின் குறைந்தால் அதோடு ஒட்டியிருக்கும் கல்சியமும் குறைவாகத்தான் காட்டும். ஆகவே குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பார்ப்பது வழக்கம். கூட்டினாலும் 8.3 அளவுக்குத்தான் வந்தது. கொஞ்சம் குறைவு. "கை விரல் மடங்கிப் பிடிக்கிறதா?" என்று கேட்டேன். தாய் திடுக்கிட்டுப் பார்த்தார். இரவில் பிடிக்கும் என்றார், வலிப்பு என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம்.

எனக்கு மிகவும் பிடித்த துண்டு கடைசியாக வந்தது. வெண்குழியங்களின் வகைவாரி எண்ணிக்கை. இயந்திரம் வராத காலத்தில் கண்ணாடித் தட்டில் குருதியைப் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் நூறு வெண்குழியங்களை எண்ணுவோம். நாலு வயதுப் பிள்ளையின் தட்டில் ஏறக்குறைய பாதி லிம்போசைற்றாக இருக்க வேண்டும். அந்த வயதில் நியூற்றோபிலும் லிம்போசைற்றும் சமமாக நிற்கும், அதற்குப் பிறகுதான் பெரியவர்களின் விகிதத்துக்கு மாறும். இவனுடைய துண்டில் லிம்போசைற் 9 வீதம். மொத்தம் 6,000 என்றால் 540. இரண்டாயிரத்துக்கு மேலே இருக்க வேண்டிய இடம். புரதம் கசிந்தால் புரதம் குறையும், சரி. குழியம் ஏன் குறைய வேண்டும்? லிம்போசைற்றும் புரதமும் கொழுப்பும் ஒன்றாக ஓடுகிற வாய்க்கால் உடம்பில் ஒன்றுதான் இருக்கிறது. நிணநீர்க் குழாய்.

இலக்கங்களை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதி, குளோபியுலினுக்கும் லிம்போசைற்றுக்கும் கீழே கோடிட்டு, அடுத்த கிளினிக்கில் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டச் சொன்னேன். அவரும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. கொழும்புக்கு அனுப்பும் கடிதம் ஏற்கனவே பாதி எழுதியிருந்தார். ஆய்வுகூடக்காரன் துப்பறிந்து டொக்டரைக் காப்பாற்றிய கதை இல்லை இது.

குடலுக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ள எங்கள் வாவியைப் பார்த்தால் போதும். சாப்பாட்டிலுள்ள கொழுப்பு, சிறுகுடலின் விரல் போன்ற சடைமுளைகளுக்குள் ஓடும் நுண்ணிய நிணநீர்க் குழாய்களில் ஏறி, நெஞ்சு வழியாக மேலே போய், இடப்பக்கக் கழுத்தடியில் நாளத்தில் விழும். மாரி மழைக்குப் படுவான்கரை நீரெல்லாம் வாவிக்குள் இறங்கி முகத்துவாரத்தால் கடலுக்குப் போகிறதுபோல. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் விவசாயிகளைக் கேட்கத் தேவையில்லை. வாவி ஊதும், கரை தாண்டும், வேளாண்மைக்குள் புகும். இந்தப் பிள்ளைகளுக்கு நிணநீர்க் குழாய்கள் பிறவியிலேயே சரியாக அமையவில்லை. வெளிவாய் குறுகியிருக்க, உள்ளே குழாய்கள் வீங்கி, வெடித்து, நிணநீர் குடலுக்குள் கொட்டும். அதிலே அல்புமின் போகும், எதிர்ப்புப் புரதங்கள் போகும், லிம்போசைற் போகும். சுகமான உடம்பிலும் நாளுக்கு ஒன்றிரண்டு வீதம் புரதம் குடல் வழியாகக் கழியத்தான் செய்யும். இந்த நோய் கடுமையானால் இருப்பில் 60 வீதம் வரை ஒரே நாளில் போகலாம். பெரிய ஆளின் ஈரல் நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை அல்புமின் செய்யும். அவசரத்துக்கு அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். அதற்கு மேல் அதனால் ஏலாது.

இதிலுள்ள கெட்டித்தனமான ஏமாற்று என்னவென்றால், தடயம் மிஞ்சுவதில்லை. சிறுநீரில் போகிற புரதம் சூடாக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். குடலுக்குள் கொட்டிய புரதத்தைக் குடலே செமித்துவிடும். மலத்தைப் பரிசோதித்தால் பூச்சி முட்டை தெரியும், சூடான் சாயம் போட்டால் கொழுப்புத் துளி தெரியும். அல்புமின் தெரியாது. அதனால்தான் மருத்துவ உலகமே இந்த நோயைப் பிந்திக் கண்டுபிடித்தது. 1950கள் வரை இப்படியான நோயாளிகளைக் காரணம் தெரியாத புரதக்குறைவு என்று எழுதி வைத்தார்கள். ஈரல் செய்கிறது, ஆனால் உடம்பு எங்கோ அவசரமாக எரித்துவிடுகிறது என்பது அவர்களின் ஊகம். 1959இல் அமெரிக்காவில் ரொபர்ட் கோர்டன் என்பவர், குடல் செமிக்க முடியாத ஒரு செயற்கைப் பொருளில் கதிரியக்க அயடினைக் கட்டி நாளத்தில் ஏற்றினார். அது மலத்தில் வந்தது. வாசல் எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. 1961இல் அதே நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்தில் தோமஸ் வால்ட்மனும் கூட்டாளிகளும் 18 நோயாளிகளை வைத்து, குடலின் நிணநீர்க் குழாய்கள் விரிந்திருப்பதைக் காட்டி எழுதினார்கள். பிறவியில் வரும் வடிவத்தை இன்றும் வால்ட்மன் நோய் என்றே சொல்கிறார்கள். அவர் 2021இல் காலமானார். நோயெதிர்ப்பியலில் வேறு பெரிய வேலைகளுக்காகவும் அறியப்பட்டவர்.

கதிரியக்கம் ஏற்றாமல் கண்டுபிடிக்க ஒரு வழி 1970களில் வந்தது. அல்பா-1 அன்ரிற்றிப்சின் என்ற குருதிப் புரதத்தின் தொழிலே செமிபாட்டு நொதிகளைத் தடுப்பது. ஆகவே குடலுக்குள் கொட்டினாலும் செமியாமல் முழுசாக வெளியே வரும். ஒரு நாள் மலத்தை முழுவதும் சேர்த்து, அதில் இது எவ்வளவு, சீரத்தில் எவ்வளவு என்று பார்த்தால் கசிவின் அளவு தெரியும். அழகான யோசனை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் மலத்தைச் சிந்தாமல் சேர்த்து, குளிரில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் அந்தப் பரிசோதனை இருந்ததுமில்லை.

கொழும்பில் உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முன்சிறுகுடலின் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சடைமுளைகளின் நுனி கொழுப்பு நிணநீரால் ஊதியிருந்த இடங்கள். கிள்ளி எடுத்த துணுக்கில் விரிந்த குழாய்கள். அதற்கு முன்னால் மற்றக் காரணங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்திருந்தார்கள். இது வெறும் சடங்கல்ல. குடலால் புரதம் போக வைக்கிற நோய்கள் நிறைய, அவற்றில் பல எங்கள் பக்கத்தில் இந்த அபூர்வ நோயைவிடச் சாதாரணம். காசநோயால் இதய உறை இறுகினால் நிணநீர் விழ வேண்டிய நாளத்தில் அழுத்தம் ஏறி, குடலில் கசியும். உறையை வெட்டி விட்டால் கசிவு நின்றுவிடும். ஒற்றை இதய அறையோடு பிறந்து ஃபொன்ரன் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளுக்கும் வருடங்கள் கழித்து இதே வீக்கம் வரலாம். லூபஸ் என்ற நோயிலும் வரும். வெறுங்காலால் மண்ணில் நடக்கிறவர்களின் தோல் வழியாக ஏறும் ஸ்ரொங்கிலோயிடிஸ் என்ற நுண்புழு பெருகினாலும் வரும். அதற்கு மாத்திரை இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் அதன் குடம்பியைத் தேடுவது சலிப்பான வேலை, ஒரு மாதிரியில் இல்லையென்றால் இல்லை என்று அர்த்தமுமில்லை. சலித்துப்போகிற ஆள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

குடும்பத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்ற கேள்வியும் கொழும்பில் கேட்கப்பட்டது. மச்சான் மச்சாள் கலியாணம் எங்கள் பக்கத்தில் உரிமை. இந்தத் தாயும் தகப்பனும் அப்படியல்ல. ஆனால் கேள்வி நியாயமானது. சிடி55 என்ற மரபணு இரண்டு பக்கத்திலும் பழுதாக வந்தால் இதேபோன்ற குடல் நோய் சின்ன வயதிலேயே வருகிறது என்று துருக்கி, அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில்தான் அதிகம் கண்டார்கள். அந்த வகைக்கென்றே பொசெலிமாப் என்ற மருந்தை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. வால்ட்மன் நோய்க்கு அப்படியொரு மருந்து கிடையாது. அல்புமினை நாளத்தில் ஏற்றலாம். வீக்கம் வடியும். குழாயில் ஏற்றியது குடலால் போகும், சில நாளில் பழைய கதைதான். சிகிச்சையின் முதுகெலும்பு அடுப்படியில் இருக்கிறது.

இங்கேதான் அம்மம்மா சொன்னது திரும்பப் பொருள் கொள்கிறது. முட்டை, எருமைத் தயிர், கட்டிப் பால். நீண்ட சங்கிலிக் கொழுப்பு ஒவ்வொன்றும் நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாய்க்காலில் ஓட்டம் பெருகும். பழுதான குழாய் அப்போதுதான் அதிகம் வெடித்துக் கொட்டும். பிள்ளை மெலிகிறான் என்று தாய் ஊட்ட ஊட்ட, ஊட்டியதே அல்புமினை வெளியே தள்ளியது. கொடுக்கவில்லை என்ற பழி விழுந்தது அதே தாயின் தலையில். நான் பார்த்த நோய்களில் இதைப்போல அன்பைத் தண்டிக்கிற நோய் குறைவு.

1964இல் பீற்றர் ஹோல்ற் என்பவர் நீண்ட சங்கிலிக் கொழுப்பை நிறுத்திப் பார்த்து, புரத இழப்புக் குறைவதைக் காட்டினார். மாற்றாகக் கொடுப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, எம்.சி.ரி. எண்ணெய் என்று சொல்வார்கள். எட்டு, பத்துக் கரிமம் கொண்ட சின்ன அமிலங்கள். இவை நிணநீரைத் தொடாமல் நேராக ஈரலுக்குப் போகும் நாளத்தில் ஏறிவிடும். கலோரி கிடைக்கும், குழாய்க்கு வேலையில்லை.

எம்.சி.ரி. தேங்காயெண்ணெயிலிருந்து எடுப்பது என்று கொழும்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. தென்னை நிற்கிற காணி. "அப்ப சேர், எங்கட எண்ணெயையே குடுக்கலாம்தானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன் என்றும் சொல்லலாம். அதே நம்பிக்கையைப் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். தேங்காயெண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைய லோரிக் அமிலம், பன்னிரண்டு கரிமம். பெயரளவில் அதை நடுத்தரத்தில் சேர்த்து எண்ணுவார்கள். போத்தலில் எழுதி விற்கவும் அது வசதி. உடம்புக்குள் அதில் பெரும்பகுதி நீண்ட சங்கிலியோடு கூட்டாளியாகி நிணநீரில்தான் ஏறும். மிரிஸ்ரிக், பால்மிற்றிக் எல்லாம் அதே வழி. உண்மையிலேயே ஈரல் வழி போகிற எட்டும் பத்தும் கூட்டினால் நூறு கிராமில் பதினைந்து கிராம் அளவு. அந்தப் பதினைந்தைத்தான் ஆலையில் பிரித்தெடுத்து எம்.சி.ரி. என்று போத்தலில் அடைக்கிறார்கள். மற்ற எண்பத்தைந்து இந்தப் பிள்ளைக்கு ஆகாது. தேங்காயின் முதற்பாலும் அப்படியே. தண்ணீர் குறைத்துப் பிழிந்தால் அதில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு.

தேங்காய் இல்லாமல் மட்டக்களப்பில் சமைக்கச் சொல்வது சின்ன விஷயமல்ல. பிட்டுக்குத் தேங்காய்ப்பூ, சோற்றுக்குச் சொதி, கீரைக்குப் பால், மீன் ஆணத்துக்குப் பால். ஆனால் அந்தத் தாய் நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஒரு வழி கண்டார். கொழும்பில் கொடுத்த அச்சுத்தாளில் இருந்த உணவுகளில் பாதி கடையில் கிடைக்காதவை, மீதி பிள்ளை வாயில் வைக்காதவை. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, ஏற்கனவே தெரிந்த சமையலுக்குள்ளேயே தேடினார். பால் விடாத புளியாணம். இறால், வெள்ளை மீன், அவித்தோ புளியில் போட்டோ. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள் அக்காவுக்கு. ஆடை நீக்கிய பால்மா. பருப்பை வெறும் உப்பும் மஞ்சளும் போட்டுக் கடைந்து. பிறகு சோயாமீற். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் சோயாவில் செய்வதால் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் ஏறக்குறைய பாதி. எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்குகிற பக்கற். இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான உள்ளூர்ச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

எம்.சி.ரி. எண்ணெய் சுவிஸிலுள்ள மாமா ஒருவர் மூலம் வந்தது. இங்கே வாங்கினால் விலை கட்டாது, எல்லா நேரமும் கிடைக்கவும் மாட்டாது. அதை வெந்த சோற்றிலோ கஞ்சியிலோ கலந்து கொடுக்க வேண்டும். பொரிக்கக் கூடாது, சீக்கிரம் புகைந்துவிடும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்றைப் பிடுங்கும், கரண்டி கரண்டியாகத்தான் ஏற்ற வேண்டும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் கல்சியமும் தனியாக. அத்தியாவசியக் கொழுப்பமிலம் எம்.சி.ரி.யில் துளியும் இல்லை. ஆகையால் கொஞ்சம் சாதாரண எண்ணெயும் அளந்து கொடுக்கத்தான் வேண்டும். முற்றாகக் கொழுப்பை நிறுத்திவிட்டால் தோல் உரியும், வளர்ச்சி நிற்கும். டயற்றீசியன் அளவு போட்டுக் கொடுத்தார். தேநீர்க் கரண்டிக் கணக்கில், அம்மம்மாவுக்கும் விளங்கும்படி.

இலக்கம் உடனே ஏறவில்லை. ஏறவும் மாட்டாது. அல்புமின் உடம்பில் பாதியாகக் குறைய மூன்று கிழமை அளவு எடுக்கும் பொருள். நிரம்புவதும் அதேபோல மெதுவாகத்தான். ஆனால் வயிற்றோட்டம் முதலில் நின்றது, பிறகு காலின் வீக்கம். 1.6, 1.9, 2.4, 2.8. ஒருமுறை கட்டுப்பட்டியை நெடுநேரம் இறுக்கிவைத்து இரத்தமெடுத்ததில் 3.3 என்று வந்தது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமென்று சொன்னேன். கை கட்டுண்டு நின்றால் நீர் வெளியேறி அல்புமின் கூடிக் காட்டும். நின்றுகொண்டு கொடுத்தாலும் படுத்துக்கொண்டு கொடுத்ததைவிடக் கூடும். ஒரே நிலையில், ஒரே நேரத்தில், ஒரே ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் ஒப்பிடலாம்.

ஒரு வைகாசி மாதம் திரும்ப இறங்கியது. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு உறவு வீட்டில் வந்து நின்றார்கள். ஒரு கிழமை. குளிர்த்தி முடிய வீட்டுக்கு வீடு பாற்சோறு, பலகாரம். அம்மன் சாப்பாடு ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் பையனுக்கு ஊட்டினார்கள். தாய் தடுத்துப் பார்த்தார், விருந்தாளி வீட்டில் எவ்வளவுதான் தடுப்பது? பத்து நாளில் காற்சட்டைப் பட்டி இறுகத் தொடங்கியது. வயிற்றுக்குள் நீர் கட்டியிருந்தது. வாட்டில் அதை எடுத்து, அப்போது நான் இன்னும் வேலையிலிருந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். பால் வெள்ளை நிறம். சாதாரணமாக வயிற்று நீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். இது கொழுப்பு நிணநீர். ஒரு டெசிலீற்றரில் 200 மில்லிகிராமுக்கு மேல் திரைகிளிசரைட் இருந்தால் அப்படித்தான் எழுதுவோம், இதில் அதைவிடப் பல மடங்கு. போத்தலைக் கையில் வைத்திருந்த பயிலுநர் பிள்ளையைக் கூப்பிட்டு, இது என்னவென்று கேட்டு, புத்தகத்தில் படிப்பதை நேரில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த வருசம் சடங்குக்கு அந்தத் தாய் சோயாமீற் கறியும் புளியாணமும் சட்டியில் கொண்டுவந்தார். கோபித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான். மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருகிறான், பாதைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் கூட்டாளிகள் ரோல்ஸும் பற்றிஸும் தின்னும்போது இவனும் எப்போதாவது தின்னத்தான் செய்கிறான், அடுத்த மாத ரிப்போட்டில் அது தெரியும், இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்வதில்லை. கடைசியாகக் கொண்டுவந்த துண்டில் அல்புமின் 3.1, குளோபியுலின் 2.1, கல்சியம் சரி. லிம்போசைற் மட்டும் 800ஐத் தாண்டவில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் வீக்கம் வடிந்தாலும் பலருக்கு அது முழுதாக ஏறுவதில்லை. ஆகையால் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று துண்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.